உப்பும் விளையுது

மர்ளியா (மனதுக்குள்): என் அண்ணன், மஸாஹிர் நானா, இன்னும் கேட்கவில்லை. களப்புக் காற்றைப் பற்றிச் சொன்னார், கொழும்பு மழையைப் பற்றி விசாரித்தார், என் முழங்கால் வலியைக்கூட விட்டுவைக்கவில்லை. கேட்க நினைத்ததை மட்டும் தேத்தண்ணிக்குள் போட்டுக் கலக்கிக்கொண்டே இருக்கிறார். கேட்டால் நானும் சொல்லிவிடுவேன். கேட்காவிட்டால் நாளைக் காலையில் அவராகவே கண்டுகொள்வார். சொல்லாத ஒன்றை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பாரமாக இல்லை. ஏனோ சந்தோஷமாகவே இருக்கிறது.

மஸாஹிர்: ... அப்ப முழங்காலுக்கு எண்ணெய் பூசுறியா, இல்லயா?

மர்ளியா: பூசுறேன் நானா. மூணாந்தரம் கேக்குறீங்க.

ஷிம்லா: ஒன்ட நானாவுக்கு ஒன்ட முழங்கால்ல அவ்வளவு பாசம் புள்ள. ரெண்டு நாளா நித்திரையில்ல.

மஸாஹிர்: நீ வட்டிலப்பத்த வெட்டு, ஷிம்லா.

ஷிம்லா: வெட்டியாச்சி. ஒங்களுக்கு முன்னுக்குத்தான் இரிக்கு. அதயும் பாக்கல்ல நீங்க.

மர்ளியா: மதினி, வரக்குள்ள முன்வீட்டு நஃபீஸா கேட்டடியில நிண்டா. ஒரு சிரிப்பு சிரிச்சா. ஏதோ கேக்க இரிக்காபோல.

ஷிம்லா: மீட்டர் வேகமா ஓடுதாம். மெம்பர் வந்து ஒருக்காப் பாத்தா அடங்கிருமாம்.

மர்ளியா: அல்லாவே. நான் மெம்பரும் இல்ல, மீட்டர் பாக்குற ஆளும் இல்ல எண்டு சொல்லக்கூடாதா?

ஷிம்லா: சொன்னேனே. அஞ்சு வருஷம் மாகாண சபையில இருந்தா, சபையும் முடிஞ்சி, திரும்ப எலக்ஷனும் வைக்கல்ல, இப்ப கரண்டுக்கு என்ன விலையெண்டு முடிவெடுக்கிற ஆணைக்குழுவுல நாலு பேர்ல ஒராள் எண்டு வடிவா விளக்கினேன். எல்லாத்தையும் கேட்டுப்போட்டு, “அப்ப மெம்பர்தானே” எண்டுட்டுப் போறா.

மர்ளியா: அதுவும் சரிதான்.

மஸாஹிர்: மெம்பரெண்டு கூப்பிட்டா என்ன குறைஞ்சா போவ? அந்தப் பேருக்காக நான் எத்தன சந்தியில நிண்டிருப்பேன்... மதுரங்குளிச் சந்தி ஞாபகம் இரிக்கா?

மர்ளியா: இருக்கு.

மஸாஹிர்: மைக் நிண்டு போச்சி. கரண்ட் இல்ல. நான் நினைச்சேன், கூட்டம் கலைஞ்சிரும், புள்ள அழுதுக்கிட்டு இறங்குவா எண்டு. நீ முந்தானையத் தலையில இழுத்துப் போட்டுக்கிட்டு மேடை விளிம்புக்கு வந்த. “நெல்லு விளையுதெண்டா உப்பும் விளையுது. விளைய வைக்கிறவன் விவசாயி.” றோட்டுக்கு அங்கால பஸ்ஸுல இருந்த ஆக்களும் கை தட்டினாங்க.

ஷிம்லா: இவரும் தட்டினார். தட்டித் தட்டி மோதிரம் கழண்டு விழுந்து, நானும் மத்தவங்களும் டோர்ச் அடிச்சித் தேடினோம்.

மஸாஹிர்: அதயெல்லாம் இப்ப ஏன் கதைக்கிற.

மர்ளியா: குருநாகல் சபையிலயும் அதத்தான் நானா சொன்னேன். உப்பு விளையுது, அதனால உப்புப் பாத்திக்குத் தண்ணி ஏத்துற பம்புக்கும் வயல் பம்புக்கு உள்ள விலைதான் இருக்கோணும் எண்டேன். மொழிபெயர்க்கிறவர் அத சிங்களத்துல “லுணு நிஷ்பாதனய” எண்டுட்டார்.

ஷிம்லா: அப்படியெண்டா?

மர்ளியா: உப்பு உற்பத்தி. உடனே தலைவர் தலையாட்டி, உற்பத்தியெண்டா கைத்தொழில்தானே, கௌரவ உறுப்பினரே அத ஒத்துக்கொள்றா எண்டு முடிச்சிட்டார். நான் எழும்பி நிண்டது வயலுக்காக, இருந்தது ஃபெக்டரிக்காக.

ஷிம்லா: ஒரு சொல்லுல போச்சி.

மஸாஹிர்: ஒரு சொல்லுலதான். அதனாலதான்... அதனாலதான் நாளைக்கு...

மர்ளியா: சொல்லுங்க நானா.

மஸாஹிர்: ஒண்ணுமில்ல. வட்டிலப்பம் நல்லா இரிக்கு.

ஷிம்லா: நீங்க இன்னும் வாயில வைக்கவே இல்ல.

மர்ளியா (மனதுக்குள்): வாப்பா மௌத்தான பிறகு என் பள்ளிக்கூடச் செலவிலிருந்து மேடைப் பேச்சு வரைக்கும் எனக்காகக் கேட்டவர் இவர். ஒவ்வொரு கதவையும் எனக்காகத் தட்டியிருக்கிறார். என்னிடம் தனக்கென்று எதுவும் கேட்டதில்லை. அதனால்தான் இப்போது வார்த்தை வரவில்லை.

மஸாஹிர்: சரி, நேராவே கேக்குறேன். நாளைக்கு நகர மண்டபத்துல விசாரணை. உப்புச் சங்கத்துக்காக நான் கதைக்கோணும். எதிர்ல மேசையில நீ இருப்ப. உப்புக்கும் வயல் விலையெண்டு நீ முடிவு சொன்னா, வேற ஆரும் மறுக்கப் போறதில்ல.

மர்ளியா: மத்த மூணு பேரும் பொம்மையில்ல நானா.

மஸாஹிர்: இல்லதான். ஆனா இந்த ஊரத் தெரிஞ்சது நீ மட்டும்தானே. போன மழைக்கு எத்தன பாத்தி கரைஞ்சி போச்சி தெரியுமா? நம்மட சங்கத்து லத்தீப் பம்ப நிப்பாட்டிட்டான். இப்ப கயித்துல வாளி கட்டித் தண்ணி ஏத்துறான், அந்தக் காலத்து ஆளப்போல. கரண்ட் பில்லக் கட்ட ஏலாதாம்.

மர்ளியா: லத்தீப் வந்து அத நாளைக்குச் சொல்லட்டும்.

மஸாஹிர்: சொல்லுவான். நீ என்ன சொல்லுவ?

மர்ளியா: விசாரணையப் பத்தி வீட்டுல கதைக்கக்கூடாது நானா.

மஸாஹிர்: பாரு ஷிம்லா. மெம்பரா இருக்கக்குள்ள இந்த வாசலுக்கு வந்த ஒராளையும் வெறுங்கையோட அனுப்பாத புள்ள. இப்ப சொந்த நானாவுக்குச் சட்டம் படிச்சிக் குடுக்குது.

ஷிம்லா: அப்ப குடுத்ததெல்லாம் வாக்குத்தானே. வாக்கு கையில கனக்காது.

மர்ளியா: மதினி சொன்னது உண்மை. அப்ப என்ட வேலை கதைக்கிறது. இப்ப என்ட வேலை கேக்குறது... எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு நானா. ஒராள் கதைச்சி முடியும் மட்டும் குறுக்க பாயாம இருக்கிறது. மொத நாளுல வாய் துடிச்சிது. இப்ப வீட்டுக்குப் போய் நிம்மதியாப் படுக்குறேன்.

மஸாஹிர்: அப்படிக் கேட்டு என்னத்தக் கண்ட?

மர்ளியா: இதே விசயத்துக்கு மொத விசாரணை சிலாபத்துல நடந்தது. அதுக்குக் கற்பிட்டியில இருந்து டொறத்தி எண்டு ஒரு அம்மா வந்தா. வீட்டுல தையல் மெஷின் வெச்சிருக்கிறா, கரண்டுல ஓடுறது. உப்புக்காரங்க மேல கோவமில்ல எண்டா. ஒரு கேள்விதான் கேட்டா. “அவங்களுக்குக் குறைச்சா, அந்தக் குறையிறத ஆர்ட பில்லுல ஏத்துவீங்க?”

மஸாஹிர்: ... நீ என்ன சொன்ன?

மர்ளியா: நன்றி, இருங்க எண்டேன்.

ஷிம்லா: நல்ல கேள்வி அது. என்ட பில்லுல ஏத்தினா நானும் போய்க் கேப்பேன்.

மஸாஹிர்: நீ எந்தப் பக்கம்?

ஷிம்லா: குசினிப் பக்கம். அதவிட நீங்க புள்ளக்கிட்ட முழுசா சொல்லுங்களேன். நாளைக்குப் பகல் சங்கத்து ஆக்களுக்கு என்ன ஏற்பாடெண்டு.

மஸாஹிர்: ஷிம்லா...

மர்ளியா: என்ன ஏற்பாடு?

ஷிம்லா: சஹன் சாப்பாடு. ஆட்டிறைச்சி, கஜு, எல்லாத்தோடயும். விசாரணை முடிஞ்ச கையோட எல்லாரும் இஞ்ச வாராங்க. ஆறு பேர் சுத்தி இருந்து சாப்பிட ஒரு சஹன் கணக்குல பக்கத்து வீட்டுத் தட்டெல்லாம் இரவல் வாங்கி வெச்சிருக்கேன்.

மர்ளியா: எதுக்கு நானா? முடிவு நாளைக்கே சொல்ல மாட்டாங்களே.

ஷிம்லா: முடிவ இவர் போன கிழமயே சொல்லிட்டார். சங்கத்துக் கூட்டத்துல எழும்பி, “தங்கச்சி கதிரையில இரிக்கா, யோசிக்காதீங்க” எண்டு.

மஸாஹிர்: வாயில வந்துட்டு. எல்லாரும் முகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. சொன்ன ஒடன பாத்தியா, லத்தீப் சிரிச்சான்.

மர்ளியா: நீங்களும் மதுரங்குளி மேடையில ஏறிட்டீங்க.

மஸாஹிர்: சிரிக்கிறியா?

மர்ளியா: சிரிக்கத்தான் வருது. எனக்குப் பேசக் குடுத்துட்டு இத்தன வருஷமா கீழ நிண்டீங்க. ஒரே ஒரு தரம் வாய் திறந்தீங்க, அதுவும் வாக்கு.

மஸாஹிர்: ... கோவமில்லயே?

மர்ளியா: இல்ல. ஆனா நானும் ஒண்டு சொல்லோணும். நாளைக்கு அந்த மேசையில மூணு பேர்தான் இருப்பாங்க.

ஷிம்லா: மொத்தம் நாலு பேரெல்லோ?

மர்ளியா: நான் இல்ல மதினி. சிலாபத்துல இருந்து திரும்பின அடுத்த நாளே, இந்த விசயத்துல நான் இருக்க மாட்டேன் எண்டு ஆணைக்குழுவுல சொல்லிட்டேன். நான் இஞ்ச வந்தது ஒங்களப் பாக்கத்தான்.

மஸாஹிர்: என்னாலயா? நான் சங்கத்துத் தலைவர் எண்டதாலயா?

மர்ளியா: அதுவும்தான்.

மஸாஹிர்: அதுவும் எண்டா... வேற என்ன? ஆரும் ஏதும் சொன்னாங்களா?

மர்ளியா: ஆரும் ஒண்ணும் சொல்லல்ல.

மஸாஹிர்: அப்ப நான் தலைவர் பதவிய விட்டுக் குடுக்குறேன். லத்தீப் இருக்கட்டும்.

மர்ளியா: வேணாம் நானா. நீங்கதான் கதைக்கோணும்.

ஷிம்லா: இவர் கதைப்பாரா? நிக்காஹ் அண்டைக்கே ஓம் எண்டு சொல்ல இவருக்கு ரெண்டு தரம் தண்ணி குடுத்தாங்க.

மஸாஹிர்: அவ சொல்றது பொய்யில்ல தங்கச்சி. எனக்குச் சபையில நாக்கு ஒட்டிக்கும், ஒனக்குத் தெரியும். ராவெல்லாம் சொல்லிப் பாக்குறேன், காலையில ஒண்டும் இல்ல. ஒன்னக் கதிரையில எதிர்பாத்தது முடிவுக்கு மட்டுமில்ல... எதிர்ல ஒன்ட முகம் இருந்தா எனக்குக் கதைக்க வரும். அவ்வளவுதான்.

ஷிம்லா: இதத்தான் ரெண்டு நாளா முழங்கால், முழங்கால் எண்டார்.

மர்ளியா (மனதுக்குள்): அன்று மைக் நின்றபோது இருட்டில் நான் தேடியதும் இவர் முகத்தைத்தான். யாரோ அடித்த டோர்ச் வெளிச்சத்தில் அது தெரிந்த பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. அதை நான் இவரிடம் இதுவரை சொன்னதில்லை. இன்று சொன்னால் இவர் கேட்பதை மறுக்க முடியாமல் போய்விடும்.

மஸாஹிர்: மேசை வேணாம். முடிவும் வேணாம். பின் வரிசையில ஒரு கதிரை போதும். சும்மா வந்து இரு. நான் கேக்குறது அதத்தான்.

மர்ளியா: இல்ல நானா. மண்டபத்துக்கும் வரமாட்டேன். பின் வரிசையில இருந்தாலும் மத்த மூணு பேர்ட கண்ணும் என்ட முகத்துக்குத்தான் வரும், முகத்துல எல்லாம் தெரிஞ்சிரும். நீங்க தலைவரா இல்லாட்டியும் நான் விலகித்தான் இருப்பேன். டொறத்தி அம்மா கதைக்கக்குள்ள நான் கேக்கவே இல்ல நானா. தலைய ஆட்டிக்கிட்டே, உள்ளுக்குள்ள மதுரங்குளிச் சந்தியில நிண்டு “உப்பும் விளையுது” எண்டு கத்திக்கிட்டு இருந்தேன். இப்பயும் அதத்தான் நம்புறேன்... மதினி, நாளைக்குப் பகல் எந்தச் சஹன்லயாவது எனக்கும் ஒரு பக்கம் இடம் விடுங்க.