‘போல’ இல்லாத வரி

சித்திரை வெயிலில் தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு வந்தார்கள்.

“‘தள்ளிப்போட்ட கனவு, பெட்டிக்குள் மடித்த ஈரச்சேலை.’ ஏட்டி, இது உவமையா?”

“‘போல’ இல்லல்லா? உருவகம்.”

“எங்க வீட்ல ரெண்டுமில்ல. அம்மா டீச்சர் டிரெயினிங்குக்கு எடுத்த சேலை. தாத்தா அடுத்த வருசம் பார்ப்போம்னாராம். உடுத்தாமலே பெட்டியில கெடக்கு. நிசமாவே சொட்டுது.”

“கூரை ஒழுகும், லூசு.”

“இந்த வெயில்லயா? நேத்து எங்கப்பா என் எம்.ஏ.வையும் அடுத்த வருசம்னுட்டாரு. காலையில என் பை நனைஞ்சிருக்கு, ஏட்டி.”

தோழி சிரிக்கவில்லை. இந்த வருசமே சேர்ந்துவிடு என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் என் மகளிடம் ‘அடுத்த வருசம்’ என்று சொன்ன வாய் இது.

குற்றாலத்தில் அவர்கள் இறங்கினார்கள். எம்.ஏ. கேட்டவளின் பை படிக்கட்டு வரை சொட்டிக்கொண்டே போனது.