இஸ்திரி போட்ட சுங்குடி

"இனிமே சுங்குடிச் சேலைக்கு இஸ்திரி போட்டேன்னா உன் கைய உடைச்சிருவேன்டி."

ஆரப்பாளையத்தில் கிளம்பிய பஸ்ஸில், மடியில் லேப்டாப் வைத்திருந்தவள், பக்கத்தில் கேமராப் பையோடு இருந்த தோழியிடம் சொன்னாள்.

"போட்டோவுல நீட்டா தெரியட்டும்னுதான் போட்டேன்."

"முடிச்சுப் போட்ட சுருக்கமே போச்சு. போட்டோவப் பாத்து வெறும் பிரிண்ட்டுன்னு நெனச்சு அம்புட்டுப் பேரும் ஆர்டரைக் கேன்சல் பண்ணிட்டாங்க."

தோழி கேமராப் பையைத் திறந்தாள்.

"அப்ப முடிச்சு அவுக்குறதையே வீடியோ எடுக்குறேன்."

"எடு. ஸ்க்ரீன்ல விரல வச்சு இழுத்தா முடிச்சு அவுழுற மாதிரி நான் நம்ம வெப்சைட்ல வைக்கிறேன்."

"ஆனா, முடிச்சு அவுக்காத சேலை ஒண்ணுதான் மிச்சம் இருக்கு."

"ஒரு தடவைதான் எடுக்க முடியும். சொதப்புனா?"

"சொதப்புனா கைய நானே நீட்டுறேன். உடை."