மாத்தி மாட்ட முடியாத கம்பி

— ஸ்பேனரைக் கீழ வைங்கண்ணே. பெட்டியைக் கட்டறதுக்கு முன்னாடி நான் சொல்றதைக் கேளுங்க.

— கேளும்மா, நீதான் கேக்கணும். இந்த ஷெட்டுல எனக்கு இனி வேலை இல்ல. பறக்கற கிளப்புக்கு மெக்கானிக்கா இருந்து ஒரு உசுர வாங்கினது போதும்.

— அந்த உசுரு என் புருஷன். போதுமா போதாதான்னு நான்தான் சொல்லணும்.

— சொல்லு, நல்லா திட்டு. மூணு வாரமா யாராச்சும் திட்ட மாட்டாங்களான்னு இருக்கு. எல்லாரும் விதிங்கறாங்க. விதியும் இல்ல மண்ணும் இல்ல, என் கை. விமானத்தோட ரெக்கையை ஆட்டற கம்பியைப் புதுசா போட்டேன், இடது கம்பியையும் வலது கம்பியையும் மாத்தி மாட்டிட்டேன். உன் வீட்டுக்காரர் டாக்டர் இடது பக்கம் திருப்பினாரு, வண்டி வலது பக்கம் சாஞ்சுது. வேலியைத் தாண்டறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

— தெரியும்ணே. விசாரணைக்கு வந்தவங்க சொன்னாங்க. உங்க சட்டையைப் பிடிச்சு உலுக்கணும்னு வெறியே வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

— அப்புறம் ஏன் வரல?

— என் பங்கு ஞாபகம் வந்துச்சு. கெளம்பறதுக்கு முன்னாடி அவர் உள்ள உக்காந்து பிடியை ஆட்டுவார், நான் வெளிய நின்னு ரெக்கையைப் பாத்து, "இடது மேல, வலது கீழ"ன்னு கத்துவேன். நான் ஓட்டினா அவர் கத்துவார். ரெண்டு பேரும் லைசென்ஸ் வாங்கின நாள்லேர்ந்து அப்படித்தான். அன்னிக்கு யார் முதல்ல பறக்கறதுன்னு சண்டை. நான் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு வீட்டுலயே உக்காந்துட்டேன். தனியா வந்தவர் பாக்காமலே ஏறிட்டார்.

— தங்கச்சி வரலியான்னு உன்னைப் பத்தி அவர்கிட்ட கேட்டேன். "வீட்டுல ஒரு கடவாப்பல்லு கடுகடுன்னு இருக்கு, இன்னிக்குத் தொடக் கூடாது"ன்னாரு.

— பல் டாக்டர் புத்தி போகுமா? கோவமா சொன்னாரா?

— சிரிச்சுக்கிட்டேதாம்மா. சாயங்காலம் சமாதானம் பண்ணிடுவேன்னாரு.

— இது போதும்ணே எனக்கு. மூணு வாரமா இதை யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியாம செத்துக்கிட்டிருந்தேன்.

— அழாதம்மா. கம்பியை மாட்டினது நான்.

— பாக்காம விட்டது நாங்க. சரிண்ணே, அப்புறம்? கிளப்பை மூடிடலாமா? இன்னிக்குக் கூட்டத்துல அதான் பேச்சு. மெக்கானிக்கும் போயிட்டா மூடறதுதான் வழி. மிச்சமிருக்கற இந்த ஒரு விமானத்தையும் கட்டை வேற, துணி வேறன்னு பிரிச்சு, விறகுக்குப் போட்டுடுவாங்க.

— போடட்டும்.

— மனசாரத்தான் சொல்றீங்களா? அப்போ எதுக்கு இதோட கம்பியெல்லாம் கழட்டிப் புதுசா மாட்டினீங்க?

— கை சும்மா இருக்க மாட்டேங்குது. கேளும்மா, இப்படி வந்து பாரு. இடது கம்பிக்குத் தடிச்ச கொக்கி, வலதுக்கு மெல்லிசு. இது அதோட ஓட்டைக்குள்ள நொழையாது, அது இதோட ஓட்டையில நிக்காது. தூக்கக் கலக்கத்துல மாட்டினாலும் மாத்தி மாட்ட முடியாது.

— இதை ஏண்ணே யார்கிட்டயும் சொல்லல?

— நான் சொன்னா யாரு கேப்பாங்க?

— கேப்பாங்க. ரெண்டு நாள் முன்னாடியே பாத்துட்டேன். படம் வரைஞ்சு எல்லா ஊரு கிளப்புக்கும் தபால்ல போட்டாச்சு.

— அடிப்பாவி! என்ன பொம்பளம்மா நீ? காகிதத்துல சரியா இருந்தா ஆச்சா? ஒருத்தர் மேல போய்ப் பத்திரமா இறங்கினாத்தானே சரின்னு சொல்ல முடியும்?

— யாராச்சும் போய் இறங்கிட்டா நீங்க இருப்பீங்களா?

— இருப்பேன். ஏன் இருக்க மாட்டேன், இதை விட்டா எனக்கு என்ன தெரியும்? ஆனா என் கை பட்ட வண்டியில எந்தப் பைத்தியம் ஏறும்? அப்படியே வந்தாலும் நான் ஏற விட மாட்டேன். இன்னொரு வீட்டு வாசல்ல போய் என்னால நிக்க முடியாதும்மா.

— நிக்க வேண்டாம்ணே. காலையில நீங்க வர்றதுக்கு முன்னாடி வாட்ச்மேனைக் கூட்டிட்டு வந்து வெளிய நின்னு கத்த வெச்சு, ரெக்கையெல்லாம் ஆட்டிப் பாத்துட்டு, நானே ஏறி ஊரை ரெண்டு சுத்து சுத்தி இறக்கிட்டேன். என்ஜின்ல கை வெச்சுப் பாருங்க, இன்னும் சூடு ஆறல.