கிச்சாப்பில் கோதுமை

டத்தோ கிராமாட்டிலிருந்து புறப்பட்ட பேருந்தில், முதியோர் இருக்கையில் இரண்டு நடுவயதுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். விதிமுறை தெரிந்த முதியவனான நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"டாக்டர் கோதுமையத்தான் நிறுத்தச் சொன்னாரு. எங்க வீட்டுக்காரரு என் சமையலையே நிறுத்திட்டாரு."

"மக்கரோனிக்குப் பதிலா அரிசி மீகூன் சேமியா போட்டு ஓவன்ல பேக் பண்ணீங்களே அக்கா?"

"பண்ணேன் லா. நான் ஊத்துன சோயா கிச்சாப்ல கோதுமை இருக்காம். அவருக்கு உடம்பெல்லாம் தடிச்சுருச்சு. அவரு தம்பி பொண்டாட்டி இருக்காளே, கிச்சாப் போத்தலைத் திருப்பி லேபிளைப் படிச்சவ, அவ மரவள்ளியும் தேங்காப்பாலும் போட்டு பேக் பண்ணிக் குடுத்தா. தட்டை வழிச்சுச் சாப்பிட்டாரு."

"எப்படிச் செஞ்சான்னு அவகிட்டயே கேளுங்களேன்."

"நான் எதுக்குக் கேக்கணும்? வீட்டுல உப்பு எங்க இருக்குன்னு தெரியாத மனுஷன், அவ செஞ்ச விதத்தை மனப்பாடமா எனக்குச் சொல்லித் தர்றாரு."