உமாபதிக்கு ஆகாத மரம்

தூண்டில் கைப்பிடி கடைய நிதானம் வேண்டும் என்பார்கள், இன்ஸ்பெக்டர். எனக்குத் தெரிந்து முதலில் வேண்டியது நல்ல கைக்குட்டை.

தூண்டில் கோலில், நூல் சுற்றும் சக்கரம் உட்கார விரல் நீளத்துக்கு ஒரு மர உருளை உண்டு. எர்லாங்கனில் நாங்கள் குடியிருந்த வீட்டின் நிலவறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத்தான் கடைந்தோம். நாங்கள் என்றால், சந்திரமௌலியாகிய நானும் உமாபதியும். ஒரே ஆய்வுக்கூடம், ஒரே மாடியறை, ஒரே ரசப் பாத்திரம். இருவருக்கும் மீன் பிடிக்கத் தெரியாது. உமாபதி சுத்த சைவம் வேறு. "பாவமெல்லாம் பிடிக்கிறவனுக்குடா, பிடி செய்யறவனுக்கு இல்லை" என்பான்.

எழுபத்தொன்று இலையுதிர் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு வெளிர்மஞ்சள் மரம் கிடைத்தது. உளிக்கு வெண்ணெய், மூக்குக்கு மிளகாய். எனக்குத் தும்மலோடு போயிற்று. உமாபதிக்கு மார்பு விசிலடித்தது. டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு, மரத்தூள் ஒவ்வாமை, நிலவறைப் பக்கமே தலைவைக்காதே என்றார். மூச்சு முட்டினால் உறிஞ்ச ஒரு மருந்துக் குழலும் கொடுத்தார். உமாபதி கீழே இறங்குவதை நிறுத்தினான். குணமாகிவிட்டான்.

அத்தோடு விட்டிருந்தால் நீங்களும் நானும் சந்தித்திருக்கவே மாட்டோம்.

"மௌலி, பிராங்க்பர்ட்ல வேலை கன்ஃபர்ம் ஆயிடுச்சுடா. சாந்தாவுக்கு விசாவும் ரெடி."

"ரசம் யாரு வைப்பா?"

"அவதான். நீ வைக்கிறது ரசமாடா? இன்ஜின் ஆயில்."

நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தேன். அவன் போனால் நானும் பாத்திரமும்தான்.

உங்கள் ஊரில் ஆண்கள் முகத்துக்குப் பவுடர் பூசுவதில்லை. நாங்கள் பூசுவோம். அவன் மனைவி சாந்தா மெட்ராஸிலிருந்து அனுப்பிய சந்தனப் பவுடர் டப்பா கண்ணாடிக்குக் கீழே இருக்கும். குளித்து வந்ததும் உமாபதி உள்ளங்கை நிறையக் கொட்டிக்கொண்டு, புராண நாடகத்தில் மேகத்துக்கு நடுவே தோன்றும் தேவனைப்போல நிற்பான். அந்தப் பவுடரும் என் மரத்தூளும் ஏறக்குறைய ஒரே நிறம். உப்புத்தாளில் தேய்க்கும்போது வரும் தூள்தான் நைசாக இருக்கும். அதை மட்டும் எடுத்து, வேட்டித் துணியில் சலித்து, டப்பாவில் கலந்தேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

மறுபடியும் விசில். டாக்டர் பாவம், தலையணை இறகு, வீட்டுக்காரம்மாவின் பூனை, பாலாடைக்கட்டி என்று எதையெல்லாமோ விசாரித்தார். ஆண்பிள்ளையிடம் முகப்பவுடரைப் பற்றி எந்த ஜெர்மன் டாக்டர் கேட்பார்? பிராங்க்பர்ட் வேலை தள்ளிப்போயிற்று. நான் முதுகைத் தடவிவிட்டேன், மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். இன்ஜின் ஆயில் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நீ இல்லேன்னா செத்திருப்பேன்டா" என்றான். இதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சாந்தாதான் அவசரக்காரி. புருஷனுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்ததும் அடுத்த விமானத்தில் ஏறிவிட்டாள். பிராங்க்பர்ட் விமான நிலையத்திலிருந்து அவளை அழைத்துவரக் கிளம்பிய காலை, கண்ணாடிமுன் நின்றவனிடம் சொன்னேன்:

"எவ்வளவு நாள் கழிச்சுப் பாக்கறா! இன்னும் கொஞ்சம் பூசிக்கோடா."

"மாப்பிள்ளை மாதிரி இருக்கேனா?"

"மாப்பிள்ளையேதான்."

கழுத்துவரை பூசிக்கொண்டான்.

வூர்ட்ஸ்பர்க் தாண்டியதும் ரயிலில் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. மருந்துக் குழலை எங்காவது தொலைத்துவிடுவான் என்று நான்தான் என் கோட்டுப் பையில் வைத்திருந்தேன். அவன் அந்தப் பையைக் காட்டினான். பேச்சு வரவில்லை. நீட்டிய கையை நான் பிடித்துக்கொண்டேன்.

அறைக்கு வந்த சாந்தா டப்பாவைத் திறந்து ஒருமுறை முகர்ந்தாள். "நான் அனுப்பின வாசனை இது இல்லையே" என்றாள். நேராக உங்களிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். கெட்டிக்காரி. அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

தூளைக் கலந்தது நான். மருந்தைக் கொடுக்காததும் நான். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கடைசி மூச்சுவரை அவன் கையை நான் விடவில்லை என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சாந்தாவுக்கு ஆறுதலாக இருக்கும்.