வரிக்காகத்தான், மேடம்

எங்கள் கடையில் விற்கும் எதையும் கையால் தொட முடியாது, இன்ஸ்பெக்டர் மேடம். ஆரி வேலை, கேக் செய்வது, பிளவுஸ் வெட்டுவது எல்லாமே வீடியோ வகுப்புகள். பணம் கட்டினால் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். அலுவலகம் அம்பத்தூரில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில். நாள் முழுக்க பன் வாசனை வரும்.

என் வேலை போனில் பதில் சொல்வது. வருகிற சண்டையில் பாதி ஒரே சண்டைதான். பணம் கட்டும் இடத்தில் முகவரி கேட்கும். பார்சலே வராத பொருளுக்கு முகவரி எதற்கு என்று எகிறுவார்கள். நியாயமான கோபம்தான். பெண்கள் தனியாக இருக்கிற வீட்டு விலாசத்தை முன்பின் தெரியாதவர்களிடம் எப்படிக் கொடுப்பார்கள்? வரிக்காக, வாங்குகிறவர் எந்த மாநிலம் என்று பில்லில் காட்ட வேண்டும் என்று பொறுமையாகச் சொல்வேன். இன்னும் தயங்கினால், மாநிலத்தின் பெயர் மட்டும் போதும், மற்றதை விட்டுவிடுங்கள் என்று சொல்லச் சொல்லி எங்கள் முதலாளி கார்த்திகேசன் உத்தரவு. எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஒருத்தியைத் தவிர.

பானுப்பிரியா வேப்பம்பட்டில் எனக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரு குட்டைச் சுவர். அவள் புருஷன் ஜெகதீஷுக்கு லேத்துப் பட்டறையில் வேலை. என் புருஷன் டேனி வேன் ஓட்டுகிறான். இரண்டு பேருமே கை நீட்டுகிறவர்கள். வீக்கத்துக்குத் தடவுகிற களிம்பு ஒரு ட்யூப் வாங்கிச் சுவர்மேல் வைத்திருப்போம். யாருக்குத் தேவையோ அவள் எடுத்துக்கொள்வாள். ஒருமுறை நான் வாங்கினால் அடுத்தமுறை அவள். எடுத்தவளிடம் மற்றவள் ஒன்றும் கேட்கமாட்டாள். கூடப்பிறந்தவர்களிடம்கூட எனக்கு அவ்வளவு ஒட்டுதல் இருந்ததில்லை.

ஒரு நாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாதி தீர்ந்த ட்யூப் மட்டும் சுவர்மேல் இருந்தது. தெருவே அவள் தைரியத்தைப் பேசியது. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் எதிர்வீட்டு நாகம்மா என் கன்னத்து வீக்கத்தைப் பார்த்துக்கொண்டே, "பொம்பளன்னா அவ பொம்பள. நீயும் கீறியே" என்றாள். நான் சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வயிறு எரிந்தது, மேடம், அதை ஏன் மறைக்க வேண்டும்? அவளைவிட நான் வாங்கிய அடி அதிகம். போவதென்றால் முதலில் போக வேண்டியவள் நான்.

போன ஆடியில் ஒரு சாயங்காலம் அலுவலகத்துக்கு அந்தப் போன் வந்தது.

"இன்னா மேடம், ஊட்ல உக்காந்து பாக்கற வீடியோவுக்கு டோர் நெம்பரு இன்னாத்துக்கு?"

குரலைக் கேட்டதும் பானு என்று தெரிந்துவிட்டது. அவளுக்கு என்னைத் தெரியவில்லை. அலுவலகத்தில் என் பெயர் ஷாரன் இல்லை, நிவேதிதா. அங்கே எல்லாருக்கும் வேறு பெயர்தான். பேச்சும் வேறு, செய்தி வாசிக்கிறவர்களைப் போலப் பேசப் பழக்கியிருக்கிறார்கள். அவளுக்குப் பின்னால் பாப்பா பாடம் ஒப்பிக்கும் சத்தம் கேட்டது. பகலில் தையல் கம்பெனியில் வேலையாம், ஆரி கற்றுக்கொண்டு சொந்தமாகக் கடை போடப் போகிறாளாம். கேட்காமலே சொல்லிவிட்டுச் சிரித்தாள். சுவர் ஓரம் நின்று பேசிய காலத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

"வரிக்காகத்தான், மேடம். முழு முகவரி இருந்தால்தான் பில் போட முடியும்."

"வெளிய யாருக்கும் போவாதில்ல? எனக்குக் கொஞ்சம் பிரச்சன கீது."

"உங்கள் விவரம் எங்களிடம் பத்திரமாக இருக்கும்."

"உன்ன நம்பித்தாம்மா சொல்றேன்."

பாரிவாக்கம் என்றாள். தெருப் பெயர், கதவு எண், கீழே மாவு மில், மாடிக்கு வெளிப்பக்கமாகப் படி. கூரியர்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லி நமக்கெல்லாம் வாய் பழகிவிட்டதில்லையா, அந்தப் பழக்கத்தில், "நாலு மணிக்கு மேல வந்தா ஆளு இருப்போம், அதுக்கு முன்ன ஊடு பூட்டிக் கெடக்கும்" என்றும் சேர்த்துச் சொன்னாள். அனுப்புவதற்கு எங்களிடம் எதுவும் இல்லை என்று அவளுக்கும் தெரியும். நன்றி சொல்லிவிட்டு, பில்லில் தமிழ்நாடு என்று மட்டும் பதிந்தேன். விதிப்படி அது போதும். எங்கள் கம்பெனிமேல் ஒரு தவறும் இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஜெகதீஷ் சுவர் ஓரம் வந்து நின்றான்.

"இன்னா ஷாரன், எதனா தகவல் கீதா? பாப்பாவயாச்சும் பாக்கணும்."

சொன்னேன். தெரு, எண், மாவு மில், வெளிப்படி, நாலு மணி. திருப்பிச் சொல்லிப் பார்த்தான். கதவு எண்ணை மாற்றிச் சொன்னான், திருத்தினேன். மறுநாள் நான் ரயிலுக்குக் கிளம்பும்போது அவன் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். பட்டறைக்குப் போய் ஒரு பையை எடுத்துக்கொண்டு அப்படியே போவதாகச் சொன்னான். பையில் என்ன என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமலே இருந்து பழகிவிட்டது.

பானு படியிலேயே செத்துப்போனாள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். பாப்பா மேலே கதவைச் சாத்திக்கொண்டாளாம். சமர்த்துப் பிள்ளை, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஆமாம், விலாசம் கொடுத்தது நான்தான். வேறு யாரும் இல்லை. ஜெகதீஷ் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துதான் கொடுத்தேன். ஆனால் அவள் சாக வேண்டும் என்று நான் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. நாலு அடி வைத்துத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வருவான், பழையபடி சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பாள் என்றுதான் நினைத்தேன். நான் இருப்பதுபோல அவளும் இருக்கட்டும், அவ்வளவுதான். அன்றைக்கு வேலை முடிந்து வரும்போது ஸ்டேஷன் பக்கத்து மெடிக்கலில் புது ட்யூப் ஒன்று வாங்கிச் சுவர்மேல் வைத்தேன். முறைப்படி அந்தத் தடவை அவள் வாங்க வேண்டியது. போய்ப் பாருங்கள், இன்னும் பிரிக்காமல் அங்கேதான் இருக்கும். கெட்ட எண்ணம் இருக்கிறவள் அப்படிச் செய்வாளா, மேடம்?