பவுடர் போட்ட தூண்கள்

டயானா (மனதுக்குள்): அவராகவே சொல்லட்டும். நான் கேட்டால் விசாரணை ஆகிவிடும். அவர் வாயிலிருந்து வந்தால் அது வேறு...

ராபின்: இன்னா டயானா, தோசை கருகுது.

டயானா: ஆங்... பார்த்துக்கினுதான் இருக்கேன்.

ராபின்: நீ எங்க தோசையைப் பார்க்கிற? என்னைப் பார்க்கிற. மொறைக்கிறியா?

டயானா: யோசிக்கிறேங்க.

ராபின்: அப்புறமா யோசி. ஜீப்பு நிக்குது. மலை மேல கரியாலூர்ல தங்கமணி அக்கா லாட்ஜுக்கு மேல ஒரு மாடி எடுக்கணும். கீழ நான் போட்ட தூணு தாங்கும்னு நீ ஒரு கையெழுத்து போடு, நாளைக்கே வேலைய ஆரம்பிச்சிடுவேன்.

டயானா: நான் எதுக்கு?

ராபின்: காலேஜ்ல கான்கிரீட் பாடம் எடுக்கிற பொண்டாட்டிய வெச்சிக்கினு வேற ஆளைத் தேடுவாங்களா? தூணை உடைக்காமலே பலம் சொல்லுதே உன் கம்ப்யூட்டரு... அதைக் கேளு.

டயானா: கேட்டுட்டேன்.

ராபின்: இன்னா சொல்லிச்சு?

டயானா: மூணு மாடி கட்டலாமாம். மொட்டை மாடியில யானையும் கட்டலாமாம்.

ராபின்: பார்த்தியா! அதுக்கு என்மேல இருக்கிற மரியாதை உனக்கு இல்ல.

டயானா: அது எப்படிக் கத்துக்கிச்சு தெரியுமா?

ராபின்: மெஷின் லேர்னிங்கு. தூக்கத்துலகூட சொல்ற. ஒவ்வொரு சைட்லயும் உனக்கு சாம்பிள் தூணு போட்டு அனுப்புனேன். நீ லேப்ல உடைச்சி, எவ்ளோ தாங்குச்சுன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்த.

டயானா: உங்க தூணைத் தவிர அது வேற தூணையே பார்த்ததில்ல.

ராபின்: நல்ல வாத்தியாரு கெடைச்சான்னு சொல்லு.

டயானா: சாம்பிளுக்கும் சைட்ல ஓடுற கலவைதானே?

ராபின்: அதே கலவைதான்.

டயானா: அதேவா?

ராபின்: சட்னி இல்லியா?

டயானா: இன்னாங்க...

ராபின்: அதேதான்... சிமெண்ட் மட்டும் கொஞ்சூண்டு ஜாஸ்தி.

டயானா: கொஞ்சூண்டா?

ராபின்: ஒரு மூட்டை போடற எடத்துல ஒண்ணரை. தண்ணி கம்மி. சித்தாளு ஆயம்மாள வுட்டு ஈரச்சாக்கு சுத்தி வெச்சேன். உன் பிஎச்டிக்குப் போறதாச்சே... அத்தினி பேரு முன்னாடி பொசுக்குனு உடைஞ்சா உனக்குத்தானே அசிங்கம்? இஸ்கூல்ல போட்டோ எடுக்கிற அன்னிக்கிப் புள்ளைக்கு பவுடர் அடிச்சி அனுப்பறதில்லியா?

டயானா: அந்தப் பவுடர் மூஞ்சியையே பார்த்துப் பார்த்து, ஊருல யாருக்குமே வேர்க்காதுன்னு நம்பிக்கினு இருக்குதுங்க என் மெஷினு.

ராபின்: எல்லாம் உனக்காகத்தானேடி...

டயானா: தெரியும். அதான் திட்ட வரமாட்டேங்குது. லாட்ஜுத் தூணுக்கும் பவுடர் அடிச்சீங்களா?

ராபின்: ஜீப்பு வேற நிக்குது...

டயானா: தோசை ஆறுது.

ராபின்: அன்னிக்கி மலையில செம மழை. கலவையில தண்ணி ஏறிப்போச்சு... சரி வுடு, யாருக்குத் தெரியப்போவுது? இந்தா பேனா, கையெழுத்து போட்டுட்டு நீயும் டாக்டர் ஆயிடு. அக்கா நேத்துகூட போன் பண்ணி, "பேப்பர் எங்க"ன்னு கேட்டாங்க.

டயானா: நான்தான் கேக்கச் சொன்னேன்.

ராபின்: நீயா?

டயானா: ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குன்னு சொல்லிட்டு கரியாலூர் பஸ் ஏறிட்டேன். லேப்ல இருந்து தூணைத் தட்டிப் பார்க்கிற சுத்தியலையும் எடுத்துக்கினு போனேன். மெஷின் சொன்னதுல பாதி பலம்கூட இல்லீங்க. மாடி வேணாம்னு அக்காகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். என் ஆராய்ச்சிக் கணக்கு தப்புன்னு காலேஜ்லயும் சொல்லிட்டேன். நீங்களா சொல்லுவீங்களான்னு பார்க்கத்தான் அக்காவை போன் பண்ணச் சொன்னேன்... பேனாவை உள்ள வெச்சிடுங்க. இன்னொரு தோசை ஊத்தட்டா?